இடது பக்கம் வரலாம்

ஐம்பத்திரண்டாவது வயதில் டைலரம்மா கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கியபோது தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவளுக்குத்தான் அதில் பாதிகூட நம்பிக்கை வரவில்லை. அட்டையில் இருந்த தன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வேறு யாருக்கோ போக வேண்டியதைத் தவறுதலாகத் தன்னிடம் கொடுத்துவிட்டார்கள், இன்றைக்கோ நாளைக்கோ வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றும். அதனால் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு எல் எழுத்தை அவள் கிழிக்கவே இல்லை. கேட்டவர்களிடம், அது இருந்தால் பின்னால் வருகிறவன் கொஞ்சம் பொறுமையாக வருவான், சும்மா கிடைக்கிற பொறுமையை எதற்கு வேண்டாம் என்பது என்று சொன்னாள்.

அவள் தொழில் திரைச்சீலை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டித் தைத்து, கொண்டுபோய்க் கம்பியில் கோத்து மாட்டிவிட்டு வருவாள். இருபத்தைந்து வருடமாகத் துணிச் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறியவள். அவள் ஏறினாலே பயணிகள் தாமாகக் குனிந்துகொள்வார்கள். அவள் திரும்பும்போது சுருளின் மறுமுனை யார் மண்டையைப் பதம் பார்க்கும் என்று சொல்ல முடியாது. அந்த பஸ்ஸில் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

அவள் கணவரை எல்லோரும் வேன்காரர் என்றார்கள். ரொட்டித் தொழிற்சாலையின் வேனை முப்பத்தோரு வருடம் ஓட்டி, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவருக்கு ஒரு வியாதி உண்டு. வேறு யார் ஓட்டினாலும் அவரால் கண்ணை மூட முடியாது. பஸ்ஸில் தூங்க மாட்டார். ரயிலில் படுக்கை கிடைத்தாலும் அதில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் டிரைவர் பட வேண்டிய கவலையெல்லாம் இவர் படுவார். மகள் வேலைக்குப் போன ஊருக்குப் பதினாலு மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்தபடி போய்ச் சேர்ந்து, அவள் வீட்டு சோபாவில் இரண்டு நாள் தூங்கினார். பார்க்க வந்தவர்களெல்லாம் அவர் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர்தான் பேச்சை எடுத்தார். கிளட்ச் மிதித்து மிதித்துத் தன் முழங்கால் போய்விட்டது, இனி வீட்டுக் காரை நீதான் ஓட்ட வேண்டும், துணிச் சுருளோடு பஸ் ஏறுகிற வயதா உனக்கு என்றார். ஓய்வு பெற்ற பிறகு மனிதருக்கு இவ்வளவு கரிசனம் பொங்குகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். ஒரே ஒரு சின்ன விஷயம்தான் இடித்தது. கிளட்ச் மிதிப்பது இடது கால். அவர் தேய்த்துக்கொண்டிருந்தது வலது முழங்காலை. வயதானால் வலிகூட இடம் மாறும் போலிருக்கிறது என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். தையல் வேலையைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, அவள் டிரைவிங் பள்ளியில் சேர ஒரு வருடம் ஆனது.

அங்கே அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இருபத்தாறு வயதுப் பெண். மகளைவிடச் சின்னவள். ஆனாலும் டைலரம்மா அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். டீச்சர் குரலை உயர்த்தியதே இல்லை. மூன்று முறை ஒரே பூந்தொட்டி மேல் ஏற்றியபோதுகூட, அந்தத் தொட்டியை இடம் மாற்றி வைக்கச் சொல்லலாம் என்றாள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முனையிலும் ஒரு கேள்வி கேட்பாள். “பாத்தீங்களா, இல்ல பாத்த மாதிரி தலையை ஆட்டினீங்களா?” டைலரம்மா நேர்மையானவள். தலையைத்தான் ஆட்டினேன் என்று ஒப்புக்கொண்டு மறுபடி பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள்.

சிக்கல் தேறிய பிறகு ஆரம்பித்தது. இனி டீச்சர் இல்லை, பக்கத்து சீட்டில் வேன்காரர். அவர் வலது கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு நாய் திரும்பிப் பார்த்தால் போதும், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். ஒரே மாதத்தில் அந்தப் பக்கத்து மிதியடி குதிகால் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பெரிய துணையாக இருந்தது அவர் வாய்.

ரொட்டி வேன்களில் ஒரு முறை இருந்தது. டிரைவரின் இடது பக்கம் முழுக்கத் தட்டுகள் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கத்து ஜன்னல் அவருக்குத் தெரியாது. அதனால் முனைக்கு வந்ததும், தட்டுகளுக்கு அப்பால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சரக்கு இறக்குகிறவர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். வண்டி வந்தால், நில். வராவிட்டால், இடது பக்கம் வரலாம். குரல் வந்ததும் டிரைவர் வண்டியை எடுத்துவிட வேண்டும். தானும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது குரல் கொடுத்தவரை அவமானப்படுத்துவது. அப்படி எட்டிப் பார்த்த ஒரு டிரைவரோடு அவருடைய ஆள் நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வேன்காரர் கதை சொல்வார்.

இந்த முறையை அவர் வீட்டுக் காருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். வலது பக்கத்தை நீ பார், இடது பக்கத்தை என்னிடம் விடு என்றார். முப்பத்தோரு வருட அனுபவம் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுக்கும்போது யாருக்குத்தான் கசக்கும்? அவர் வரலாம் என்றால் அவள் வந்தாள். கழுத்தைத் திருப்புகிற வேலை மிச்சம். ஒரு மாதத்தில் அவளுக்கு நம்பிக்கைகூடக் கொஞ்சம் வந்திருந்தது. ஐந்து சாலைகள் சேரும் பெரிய ரவுண்டானாவை மட்டும் இன்னும் அவள் தொடவில்லை. அதைத் தவிர்ப்பதற்காக மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் புகுந்து, இருபது நிமிடம் கூடுதலாகச் சுற்றி, முட்டைக்கோஸ் வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே போவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒரு பல் மருத்துவமனைக்குத் திரைச்சீலை மாட்டக் கிளம்பினார்கள். தெருமுனையில் நிறுத்தினாள். வலது பக்கம் பார்த்தாள், காலியாக இருந்தது. வேன்காரர் இடது பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இடது பக்கம் வரலாம்,” என்றார்.

கிளட்சை விட்டு வண்டியை எடுத்தாள். கார் பாதி சாலையைத் தாண்டுவதற்குள் இடது பக்கம் ஏதோ காக்கி நிறத்தில் அசைந்தது. அவள் மிதித்த மிதியில் துணிச் சுருள்கள் முன்னால் வந்து அவள் பிடரியில் மோதின. சைக்கிள் ஒன்று பம்பருக்கு ஒரு சாண் தள்ளிச் சரிந்தது. தபால்காரர் சாலையில் உட்கார்ந்திருந்தார். கடிதங்கள் நாலா பக்கமும் பறந்திருந்தன.

டைலரம்மாவுக்கு உயிரே போய் வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஓடினாள். தபால்காரருக்கு முழங்கை சிராய்த்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவரைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கூட்டிவந்து, கைக்குட்டையால் கட்டுப் போட்டு, கடிதங்களை ஒன்று விடாமல் பொறுக்கினாள். பத்து வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிற மனிதர் அவர். கத்தவில்லை. அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

“ஐயா என்னைப் பாத்தாரும்மா,” என்றார் தணிந்த குரலில். “நேரா என் பக்கம்தான் முகத்தைத் திருப்பினார். பாத்துட்டாரு, நீங்க நிறுத்திடுவீங்கன்னு நெனச்சுதான் நான் வேகத்தைக் குறைக்கல.”

வேன்காரர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வெயில் கண்ணில் அடித்தது என்றார். அவருக்கு முதுகுப் பக்கம்தான் வெயில் இருந்தது.

பல் மருத்துவமனைக்குப் போன் செய்து நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். காரை இருபது மீட்டர் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்துவதற்குக் கால் மணி நேரம் ஆனது. உள்ளே போய்ச் சாவியைப் பித்தான் டப்பாவின் அடியில் போட்டு மூடினாள். இனி இந்த ஜென்மத்தில் வண்டி இல்லை என்று முடிவு செய்தாள். ஒரு சாண் இடைவெளி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. அளந்தே பழகியவளுக்கு ஒரு சாண் எவ்வளவு கொஞ்சம் என்று நன்றாகத் தெரியும்.

மனதைத் திசை திருப்ப டீ போட்டாள். தையல் மேஜையில் உட்கார்ந்திருந்த அவருடைய இடது கைப்பக்கம் டம்ளரை வைத்தாள். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, டீ இல்லையா என்று கேட்டார்.

ஆவி பறக்கிற டம்ளர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த ஒரு வருடத்தில் அவர் தட்டிவிட்ட டம்ளர்களும், இடது தோளில் இடித்துக்கொண்ட கதவுகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லியிருந்தார். கதவைக்கூடக் குற்றம் சொல்லியிருந்தார். தபால்காரரின் பக்கம் முகத்தைத் திருப்பியவர் அவரைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மேஜையிலிருந்து சிவப்பு நூற்கண்டு ஒன்றை எடுத்தாள். எதிர்ச் சுவரில் உள்ள கடிகாரத்தையே பார்க்கச் சொன்னாள், தலையைத் திருப்பக் கூடாது என்றாள். எதற்கு என்று கேட்டார். சொன்னதைச் செய்யுங்கள் என்றாள். முப்பது வருட தாம்பத்தியத்தில் அந்தக் குரலை அவர் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறார். செய்தார். அவள் நூற்கண்டை அவருடைய வலது தோளுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். காதைத் தாண்டியதுமே தெரிகிறது என்றார். இடது பக்கம் வந்தாள். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே, ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டார்.

நூற்கண்டு கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்தபோதுதான் தெரிகிறது என்றார். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, கடிகாரத்துக்கு நேர்க்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் அளந்தாள். வலது பக்கம் இருபத்தெட்டு அங்குலம். இடது பக்கம் ஏழு. ஜன்னல் அளவெல்லாம் எழுதிவைக்கிற நோட்டில் அதையும் எழுதினாள். எழுதி முடித்ததும் எழுத்து கலங்கித் தெரிந்தது.

அதற்கு மேல் பூசி மெழுக அவருக்கும் தெம்பில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், வேனை ஒப்படைக்கிற கடைசி வாரத்தில், ஒரு மதில் சுவரில் இடது பக்கத்தை உரசினாராம். ஒரு கீறல்கூட இல்லை என்ற பெருமை அதோடு போனது. அது அவருக்கும் தொழிற்சாலை மேலாளருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கண் மருத்துவரிடம் போனபோது, கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இடது கண்ணில் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். சொட்டு மருந்து கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். இரண்டு தடவை போனார். அப்புறம் போகவில்லை. பரிசோதிக்கும்போது விடுகிற மருந்தில் சில மணி நேரம் எல்லாமே மங்கிவிடும், கூட ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று கண்டித்தார்களாம். ஆளைக் கூட்டிப் போவது என்றால் அவளிடம் சொல்ல வேண்டும்.

தெருமுனையில் நடந்ததும் அதுதான். பாதிக் கழுத்தைத் திருப்பினால் போதும், மீதியைக் கண்ணே பார்த்துக்கொள்ளும் என்பது முப்பத்தோரு வருடப் பழக்கம். கழுத்து பழையபடி பாதிதான் திரும்பியது. கண் மீதியைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கிறது. ஓரம் இவ்வளவு மோசமாகிவிட்டது என்று சத்தியமாகத் தெரியாது என்றார்.

“முழங்கால்னு சொன்னது?” என்று கேட்டாள்.

“சும்மா சொன்னது.”

“அதையாவது சரியான காலாப் பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் டீயை வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா நீ அவசரத்துக்குக் கத்துக்குவ,” என்றார். “பயந்துகிட்டே கத்துக்குவ. பயந்துகிட்டு ஓட்டற ஆளுங்களை நான் ரோட்டுல நிறைய பாத்திருக்கேன். நீ ஆசையாக் கத்துக்கணும்னு நெனச்சேன். நல்லா கை பழகின பிறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“என் கை பழகணும்னு தபால்காரர் கையை உடைக்கப் பாத்தீங்க,” என்றாள் அவள்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தைப் பாதி வழியில் அழுகை மறித்தது. இந்த மனிதர் ஒன்றரை வருடம் தன் பயத்தை ஒரு பொய் முழங்காலுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அவளைப் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மகளுக்குப் போன் செய்தாள். மகள் முதலில் அப்பாவைத் திட்டினாள், பிறகு வெள்ளிக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள், டாக்ஸிக்கும் ஏற்பாடு செய்துவிடுவதாகச் சொன்னாள். சரி என்றாள் டைலரம்மா. சாவி பித்தான் டப்பாவிலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை பல் மருத்துவமனைக்குப் பஸ்ஸில்தான் போனாள். பயணிகள் பழையபடி குனிந்துகொண்டார்கள்.

புதன்கிழமை தபால்காரர் வந்தார். கையில் கட்டு இருந்தது, கட்டின கையிலேயே கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதமும் இருந்தது. வராமல் விட்டதை நினைவூட்டி அனுப்பியிருந்தார்கள். டைலரம்மா நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவரிடம் மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. இனி தான் வண்டியைத் தொடப் போவதில்லை என்றும், அவர் நிம்மதியாகப் போய் வரலாம் என்றும் சொன்னாள். தபால்காரர் நிம்மதியடைந்த மாதிரித் தெரியவில்லை. காரைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ஓட்டலைன்னா ஐயா எடுத்துருவாரேம்மா,” என்றார். “அதை நெனச்சாத்தான் எனக்குக் கதிகலங்குது. நீங்க நிறுத்தினீங்க. ஒரு சாண்ல நிறுத்தினீங்க. இனிமே என்னையும் ஒரு தடவை பாத்துட்டு எடுங்க, எனக்கு அது போதும்.”

அவர் போன பிறகு அவள் பித்தான் டப்பாவைத் திறந்து பார்த்தாள். சாவி இருந்தது. ஆனால் அடியில் போட்டது மேலே இருந்தது. உள்ளே வேன்காரர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். அவர் டப்பாவைக் குடைந்து, சாவியை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வைத்துவிட்டார் என்பதில் அவளுக்கு ஆறுதல். ஒவ்வொரு தடவையும் வைத்துவிடுவார் என்று என்ன நிச்சயம்? முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை.

சாவியை எடுத்துக்கொண்டு டிரைவிங் பள்ளிக்குப் போனாள்.

டீச்சர் நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். கடிந்துகொள்ளவில்லை. தேர்வு நாளில் இடது பக்கம் யார் பார்த்தது என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றாள் டைலரம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. பார்க்கத் தெரியாதவள் இல்லை அவள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே ஒரு பக்கத்தைத் தூக்கி வேறொருவர் கையில் கொடுத்திருந்தாள், கொடுத்ததை நம்பிக்கை என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் மறுநாளும் இரண்டு இரண்டு மணி நேரம் டீச்சரோடு சுற்றினாள். வலது, இடது, மறுபடி வலது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு முனைகளைக் கடந்தாள். முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரம் சாலையைத் தொடும் இடம் தெரிகிற தூரத்தில் நின்றாள். போனைப் பையில் போட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். ரவுண்டானாவில் முதல் தடவை நுழைவதற்கு இடைவெளி தேடி நின்றபோது பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்தார்கள்.

“அடிக்கட்டும்,” என்றாள் டீச்சர். “அவங்க கை அவங்க ஹாரன். உங்களுக்கு இடம் தெரிஞ்சா மட்டும் போங்க.”

இடம் தெரிந்தபோது போனாள். பதினோரு தடவை சுற்றினார்கள். சுற்றி முடித்தபோது அவளுக்குத் தலை சுற்றவில்லை, டீச்சருக்குத்தான் சுற்றியது.

வெள்ளிக்கிழமை காலை டாக்ஸி வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ரவுண்டானாவைத் தாண்டித்தான் போக வேண்டும், சந்து வழி கிடையாது. வேன்காரர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். தெருமுனையில் அவள் நிறுத்தினாள். வழக்கம்போல அவர் முகம் இடது பக்கம் திரும்பியது, வாய் திறந்தது.

“வேண்டாங்க,” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். வேன் முறைப்படி பார்த்தால் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நாலு மாதம் பேசாமல் இருக்கலாம். அவள் முன்னால் சாய்ந்து இடது பக்கம் பார்த்தாள். அவருடைய மூக்கும் நெற்றியும் பாதிச் சாலையை மறைத்தன. எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் அவர் கையைக் கீழே விட்டு நெம்புகோலை இழுத்து, சீட்டோடு பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். தலையையும் பின்னால் சாய்த்துக்கொண்டார். சாலை முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது; இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் விட்டுவிட்டாள்.

தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. காக்கிச் சட்டை. அது கடந்து போகிறவரை காத்திருந்தாள். தபால்காரர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆனது. மருத்துவர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது, வண்டியைத் தொடவே கூடாது. பொத்தான் அமுக்கிப் பார்க்கிற சோதனையில் வந்த படத்தைக் காட்டினார். இடது பக்கம் கறுப்பாக இருந்தது. டைலரம்மா தன் நோட்டை எடுத்து, இருபத்தெட்டு, ஏழு என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை உங்களையே சோதிக்கச் சொல்லலாம் போலிருக்கிறதே என்றார். வேன்காரர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

திரும்பும்போது அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் படப்போகிற பாட்டை நினைத்துப் பாவமாக இருந்தது. அதனால் முதல் முனையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“இடது பக்கம் வரலாம்.”

“ம்,” என்றார் அவர். மிதியடியில் ஒரு சத்தம் கேட்டது. கால் பழைய வேலையில்தான் இருந்தது.

அடுத்த முனையில், “நில்லு, ஒரு வண்டி வருது,” என்று தனக்கே சொல்லிக்கொண்டு நின்றாள். வண்டி போனது. வரலாம் என்றாள். அவர் ம் என்றார். மிதியடிச் சத்தம் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. நாலாவது முனையில் வரலாம் என்றபோது பதில் வரவில்லை. கோபமோ என்று நினைத்தாள். ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

ரவுண்டானாவுக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்து கார் முழுவதும் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடந்தது. வலது கால், மிதியடியின் தேய்ந்த இடத்தை விட்டு விலகி, வெறுமனே நீட்டிக் கிடந்தது. தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வேன்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் தூங்காதவர். ரயிலில் தூங்காதவர். டைலரம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது அப்போதுதான்.

விளக்கு பச்சையானது. வலது பக்கம் பார்த்தாள், இடம் தெரிந்ததும் ரவுண்டானாவுக்குள் நுழைந்தாள். வீட்டுக்குப் போகிற சாலை இரண்டாவது. அதில் திரும்பினால் நாலு நிமிடத்தில் வீடு வந்துவிடும், எஞ்சினை அணைத்ததும் அவர் விழித்துக்கொள்வார். முதல் சாலை போனது. இரண்டாவது சாலை வந்தது. இடது பக்கம் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது, தாராளமாகத் திரும்பலாம்.

திரும்பவில்லை. வட்டத்திலேயே இன்னொரு சுற்றுப் போனாள். பின்கண்ணாடியில் சிவப்பு எல் ஒட்டியிருந்ததால், பாவம், வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஹாரன் அடிக்கவில்லை.